அண்ணியின் கேள்விக்குறிகளும் என் புதிய மடிக்கணினியும்

1

நான் நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு வந்து மூன்று வருடம் முடிந்ததை எனக்கு ஞாபகப்படுத்தியது ஒரு மின்னஞ்சல். வாழ்த்து ஒன்றுமில்லை. அலுவலகத்தின் கணினிப் பிரிவிலிருந்து வந்த அறிவித்தல். "உங்கள் மடிக்கணினிக்கு மூன்று வயதாகிவிட்டது. புதியதைத் தெரிவுசெய்யவும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை." அந்தக் கணினியும் நானும் ஒரே திங்கட்கிழமை இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதற்கு ஓய்வு கிடைத்தது. எனக்குப் படிவம் கிடைத்தது.

படிவத்தில் பதினொரு கேள்விகள். இந்த ஊரில் ஒரு சாவி தொலைந்தாலும் பதினொரு கேள்விதான். ஏழாவது கேள்வி: எந்த இயங்குதளம் வேண்டும், மெக்கா விண்டோஸா? ஏதாவது ஒன்றைத்தான் குறிக்கலாம். கீழே ஒரு பெட்டி: காரணத்தை விளக்கவும்.

என் வேலையைப் பற்றித் தெரிந்தால் இந்தக் கேள்வியின் வேடிக்கை புரியும். மீன் பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோகும் படகுகளுக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் செய்கிறது. ஒரு கப்டன் மெக் வைத்திருப்பார், இன்னொருவர் விண்டோஸ் வைத்திருப்பார். ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். காலையிலிருந்து மாலை வரை இரண்டு கரைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறவளைப் பார்த்து, எந்தக் கரை உன்னுடையது என்று கேட்டால் எப்படி?

ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. புதுக் கணினி தெரிவுசெய்வது எனக்குத் திருவிழா. இரண்டு நாள் அதே வேலையாக இருந்தேன். விண்டோஸ் இயந்திரத்தில் மெக்கை ஓட்ட அனுமதி கிடையாது. மெக்கில் விண்டோஸை ஒரு சன்னலுக்குள் ஓட்டலாம். அது ஒரு வழிப் பாதை. ஆனால் புதிய மெக்கின் சில்லு, அதாவது சிப், வேறு சாதி. அதற்குள் ஓடும் விண்டோஸும் அந்தச் சில்லுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் அங்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு தளம் ஒன்றாக ஓட வேண்டுமென்றால் நினைவகத்தில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. பின்னால் கூட்டவும் முடியாது.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி விழித்தெழுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வீட்டின் அறைக்குள் இன்னொரு முழு வீடு. அதற்குத் தனிக் கதவு, தனிக் கடிகாரம், தனிக் குப்பைத்தொட்டி. உள்ளே இருக்கும் வீட்டுக்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது. நூறு தடவை பார்த்துவிட்டேன். இன்றும் அந்த நீலச் சன்னல் எழும்பும்போது கையில் மயிர் நிற்கிறது.

கணினிப் பிரிவில் இருப்பவர் லார்ஸ். ஆறடி நான்கு அங்குலம், பேச்சு மட்டும் மிகச் சிறியது. முடிவெடுக்கும் முன் இரண்டு நாள் வைத்துப் பார் என்று ஒரு புது மெக்கை இரவலாகத் தந்தார். "இதற்கு முன் மெக் பாவித்திருக்கிறாயா?" என்று கேட்டார். ஊரில் ஒன்று இருந்தது, வரும்போது அண்ணிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து, பரிசு என்பதற்கு ஆங்கிலச் சொல்லை நோர்வேஜிய வாக்கியத்துக்குள் போட்டுவிட்டேன். அந்தச் சொல்லுக்கு இங்கே கலியாணமானவர் என்று பொருள். லார்ஸ் கொஞ்சம் யோசித்தார்.

"இருவரும் சந்தோஷமாக இருக்கிறார்களா?" என்றார்.

2

அண்ணிக்கும் அந்தக் கணினிக்கும் நடந்ததும் கிட்டத்தட்ட கலியாணம்தான்.

பரிமளா அண்ணி இலங்கையில், மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் மேலே, ஒரு கொமியுனிகேஷன் வைத்திருக்கிறார். போட்டோ கொப்பி, டைப்பிங், ஸ்கேன், விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் அங்கே நடக்கும். பத்தடிக்கு எட்டடி இடம், ஒரு வாங்கு, ஒரு மின்விசிறி. அண்ணன் பாதி நாள் தம்புள்ளைச் சந்தையில் லொறியோடு நிற்பார். கடை முழுக்க அண்ணியின் ராச்சியம். ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, வில்கமுவ வயல்களிலிருந்து, டவுனின் கடைத்தெருவிலிருந்து ஆட்கள் வந்து வாங்கில் உட்கார்ந்து கதை சொல்வார்கள். தமிழில் தொடங்கி, கோபம் வந்தால் சிங்களத்துக்குப் போய், அழுகை வந்தால் தமிழுக்குத் திரும்பும் கதைகள். அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுவார். கதை முடியும்போது கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, அனுப்பக்கூடிய கடிதம் ஒன்று பிரிண்டரிலிருந்து வந்துகொண்டிருக்கும். கேட்ட காதுக்கும் தட்டிய விரலுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நான் புறப்பட்டபோது என் மெக்கைக் கடை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதுவரை அங்கே இருந்தது ஒரு பழைய விண்டோஸ் பெட்டி. "இது என்னத்துக்கு, எனக்குப் பழக்கமில்லையே" என்றவர், ஒரு மாதத்தில் அதை யாரையும் தொடவிடவில்லை.

போன மழைக்குக் கடைக்கூரை ஒழுகியது. நேராக அந்தக் கணினியின் மேல். திரையில் முக்கால்வாசி கறுத்துவிட்டது. மேல் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தெளிவு. சரி, புதுசு வாங்குங்கள் என்று நான் இரண்டு பக்க ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து அனுப்பினேன். பெட்டரி, சில்லு, எடை, எல்லாம் நிறம் நிறமாக. பதிலுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"செல்வி, அட்டவணை ரொம்ப அழகா இருக்கு, பிரேம் போட்டு மாட்டலாம். எனக்கு ரெண்டே ரெண்டு விஷயம் வேணும்டி. கரண்ட் போனா ரெண்டு மூணு மணித்தியாலம் நிக்கணும். எவன் எந்தப் பென் டிரைவ்வைக் கொண்டாந்தாலும் தொறக்கணும். இங்க கச்சேரிலருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் விண்டோஸ்தான். நான் மட்டும் ஒசந்தவளா இருந்து என்ன பண்ண?"

விண்டோஸ் மடிக்கணினி வந்தது. ஒரு சனிக்கிழமை நான் தொலைபேசியில் இருந்தபடி சொல்லச் சொல்ல, கையில் இருந்த அந்த உள்ளங்கை அகலத் திரையை வைத்துக்கொண்டே அண்ணி பழைய கோப்புகள் எல்லாவற்றையும் கிளவுட் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டார். புதுக் கணினியில் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஆயிரக்கணக்கில்.

"எல்லாம் வந்துருச்சு அண்ணி. பழசை அழிச்சிட்டு ரிப்பேர்க்கடை நானாகிட்ட குடுத்துருங்க. பார்ட்ஸுக்கு எடுப்பாரு" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் நானா என்போம்.

எல்லாம் வந்துவிட்டது என்று எப்படிச் சொன்னேன்? நான் எண்ணிப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் ஒரு படகின் பட்டியலில் ஒரு வரி குறைந்தால் மூன்று நாள் தேடுகிறவள், வீட்டுக் காரியம் என்றதும் கண்ணால் பார்த்தே முடித்துவிட்டேன்.

3

புதன்கிழமை. இங்கே பகல் பதினொன்றரை, சாப்பாட்டு நேரம். அங்கே மாலை நான்கு. லார்ஸின் இரவல் மெக்கோடு சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. பேர்கனில் அது செய்தி இல்லை. எங்கள் மாத்தளைப் பக்கத்து ரிவர்ஸ்டன் மலை முகட்டு மூட்டத்தைக் கீழே இறக்கி ஒரு துறைமுகத்தில் வைத்தால் அதுதான் இந்த ஊர்.

"செல்வி, சாப்பிட்டியா? சாப்பிட்டுக்கிட்டே கேளு. இங்க ஒரு பெரிய வேலை கெட்டுப் போச்சு."

அண்ணியின் குரலுக்குப் பின்னால் ஒரு கொண்டக்டர் தம்புள்ளை, தம்புள்ளை என்று கூவிக்கொண்டிருந்தார்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்திருக்கிறார். அவருடைய மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை. அந்த நேரம் பதியாமல் விட்டது. சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாததால், கிடைக்கவிருந்த தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. இரண்டு வருடமாக அந்த அக்கா ஒவ்வொரு தாளாகச் சேர்த்திருக்கிறார்: பழைய தோட்ட மருத்துவிச்சியின் கடிதம், பாடசாலை அதிபரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம். ஒவ்வொன்றையும் அண்ணி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். மருத்துவிச்சி இதற்குள் இறந்துவிட்டார். போன வாரக் காற்றில் லயத்துத் தகரம் பறந்து, பெட்டியில் இருந்த தாள்கள் எல்லாம் கூழாகிவிட்டன. வெள்ளிக்கிழமை காலை கச்சேரியில் விசாரணை.

"ஸ்கேன் இருக்குதானே அண்ணி, பிரிண்ட் எடுங்க."

"அதைத்தான் சொல்ல வர்றேன். இல்ல. நானும் ஒரு மணித்தியாலமா தேடுறேன். அந்த அக்காவோடது மட்டுமில்லடி, இன்னும் கொஞ்சப் பேரோடதும் காணோம்."

"பேரைப் போட்டுத் தேடுனீங்களா?"

"பேரா?" அண்ணி சிரித்தார். அந்த நேரத்திலும். "லெட்சுமின்னு தேடுனா பத்தொம்பது லெட்சுமி வரும். அதுனால நான் பேர் வைக்கிறதே இல்ல. இந்த அக்கா மொத நாள் பச்சைக் குடையோட வந்தாங்க. அதுனால பச்சைக் குடை."

பழைய கணினி எங்கே என்று மெதுவாகக் கேட்டேன். அழித்துவிடச் சொன்னவள் நான்.

"அதுவா? மேசைக்கு அடியிலதான் கெடக்கு. அழிக்கச் சொன்ன. எங்க தட்டி அழிக்கிறது, திரையே இல்லையே. ரிப்பேர்க்கடை நானா நாளைக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போய் அவரே அழிக்கிறேன்னாரு."

நாளைக்கு. நான் கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தேன்.

"அந்த அக்கா எங்க?"

"இங்கதான் வாங்குல உக்காந்திருக்காங்க. அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல. நாளைக்கும் வர முடியாது, இன்னைக்கே ஒரு நாள் பேர் போச்சு." பேர் போவது என்றால் அன்றைய வேலைக் கணக்கில் பெயர் விழாமல் போவது.

ஒரு மணி நேரம் இருந்தது.

4

இரண்டு மெக்குகளுக்கு நடுவில், ஒன்றின் திரையை இன்னொன்றில் பார்க்கும் வசதி ஏற்கனவே உள்ளே இருக்கிறது. என் பழைய அலுவலக விண்டோஸ் கணினியிலிருந்து இதைச் செய்வதென்றால் அண்ணியின் பக்கத்தில் ஏதாவது புதிதாக நிறுவ வேண்டும். அதற்கு வரும் பொத்தான்கள் எல்லாம் கறுத்துப்போன பகுதியில்தான் விழும். இன்று என் முன்னால் இருந்தது லார்ஸின் இரவல் மெக். அனுமதி கேட்கும் அறிவித்தல் திரையில் எங்கே வரும் தெரியுமா? மேல் வலது மூலையில்.

"அண்ணி, அதை எடுத்து மேசை மேல வைங்க. வயரைக் குத்துங்க. ஒரு சின்னப் பெட்டி வரும் பாருங்க."

"வந்துருச்சு. உன் பேர் போட்டிருக்கு."

"சம்மதம்னு தட்டுங்க."

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் முன்னால் இருந்த திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு மாத்தளை வந்தது. அங்கே யாராலும் பார்க்க முடியாத அந்தக் கறுத்த திரை, இங்கே என் மேசையில், ஒரு கீறல்கூட இல்லாமல், முழுசாக விரிந்தது. பின்னணியில் நான் புறப்பட்ட அன்று அண்ணன் எடுத்த படம். நான் பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரிக்கிறேன். நான் என் விரலை அசைத்தேன்.

"ஐயையோ, மூலைல அம்பு தன்னால ஓடுது. நீயா?"

"நான்தான்."

"பேய்க்குட்டி" என்றார் அண்ணி, மெதுவாக.

கோப்புறையைத் திறந்தேன். கிளவுட்டுக்குப் போகாமல் தங்கியவற்றைத் தனியாகப் பிரித்தேன். நூற்று எண்பத்தேழு. ஒன்றன்கீழ் ஒன்றாக அவை நின்றன:

ரத்தோட்டை பச்சைக் குடை?
வில்கமுவ டிராக்டர் தம்பி?
சிரிக்காத டீச்சர், இடமாற்றம்?
ஹாஜியார் வீட்டு வேலி?
காது கேக்காத மாமா, பென்சன்?
வெங்காய லொறி, லைசன்ஸ்?
கோபக்கார மருமகள்?

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கேள்விக்குறி.

"அண்ணி, இது என்ன கேள்விக்குறி?"

"அதுவா, வேலை முடியாதவங்க. மொதல்ல கேள்விக்குறி போடுவேன். வேலை முடிஞ்சுருச்சுன்னு வந்து சொல்லுவாங்கல்ல, அன்னைக்கு அதை எடுத்துருவேன். பழைய பெட்டில போட்டா எடுக்காது, சண்டை போடும். உன் கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லாம எடுத்துக்கிச்சு. நல்ல பிள்ளை."

எனக்கு நாற்காலியில் இருக்க முடியவில்லை. கோப்பின் பெயரில் கேள்விக்குறி வருவதை விண்டோஸ் ஏற்காது. மெக் ஏற்கும். இது என் தொழிலின் முதல் வாரப் பாடம். வழியில் நிற்கும் கிளவுட் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற பெயர்களை மட்டும் கடக்க விட்டது. மற்றவற்றை ஓர் ஓரத்தில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில் பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. வேலை முடிந்தவர்கள் அத்தனை பேரும் புதுக் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வேலை முடியாதவர்கள் மட்டும், ஒருவர் விடாமல், மேசைக்கு அடியில் கிடந்த கணினியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களைத்தான் அழிக்கச் சொல்லியிருந்தேன்.

"ஒரே வரில கட்டளை குடுத்து எல்லாக் கேள்விக்குறியையும் எடுத்துர்றேன் அண்ணி. ஒரு செக்கன்தான். எல்லாம் வந்துரும்."

"எடுத்துறாத."

"ஏன்?"

"எடுத்துட்டா யாரு முடிஞ்சவங்க, யாரு முடியாதவங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாரும் முடிஞ்சவங்க மாதிரி ஆயிருவாங்கல்ல."

கணினி படித்தவள் நான். இதை யோசித்தவர் அவர். அப்படியென்றால் இரண்டு தளமும் ஏற்கிற வேறு ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். கோடு போடலாமா, நட்சத்திரம்? நட்சத்திரத்தையும் விண்டோஸ் ஏற்காது. அண்ணி ஒரு நொடிதான் யோசித்தார்.

"இன்னும்னு போடு."

கட்டளையை அடித்தேன். நூற்று எண்பத்தேழு கேள்விக்குறிகளும் ஒரே இமைப்பில் நூற்று எண்பத்தேழு இன்னும்களாக மாறின. பிறகு அவை புறப்பட்டன. மாத்தளையில் ஒரு மேசையின் இடது பக்கக் கணினியிலிருந்து வலது பக்கக் கணினிக்குப் போக, எந்த நாட்டுக் கிடங்குக்கோ ஏறி இறங்கி வந்தன. அண்ணி புதுத் திரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வருது... டிராக்டர் தம்பி வந்துட்டான். டீச்சர் வந்துட்டாங்க, இப்பவும் சிரிக்கல. ஹாஜியார் வேலி வருது, வேலி பெருசு, மெதுவாத்தான் வருது..."

இங்கே மணி பன்னிரண்டு இருபது. அங்கே ஐந்துக்குப் பத்து. வாங்கில் யாரோ எழும்பும் சத்தம் கேட்டது.

"அக்கா, இருங்க, போயிறாதீங்க. பஸ்காரன்கிட்ட நான் சொல்றேன்... ஆ, வந்துருச்சு. பச்சைக் குடை வந்துருச்சு."

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை இவ்வளவு கவனமாக நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. பாட்டுக் கச்சேரியைச் சொல்கிறேன். மருத்துவிச்சியின் கடிதம். அதிபரின் கடிதம். கிராம சேவகரின் கடிதம். பிறகு, எனக்கு முன்பின் தெரியாத ஒரு குரல், தொலைபேசிக்குக் கொஞ்சம் தள்ளி:

"எங்கருந்து அனுப்புச்சாம் அந்தப் புள்ள?"

"நோர்வே அக்கா."

"ஆத்தாடி. வில்கமுவக்குப் போறதுக்கே பஸ் இல்ல. இது அங்கருந்து வந்துருச்சே."

நான் எழுந்து சன்னலருகே போய் நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று நோர்வேக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

5

பட்டியலின் அடியில் ஒரு கோப்பு இருந்ததை அன்று நான் அண்ணியிடம் கேட்கவில்லை. வியாழக்கிழமை கேட்டேன். அதன் பெயர்: செல்வி நோர்வே, இன்னும். திறந்து பார்த்தால் என் விசாக் கடிதங்கள், சான்றிதழ் மொழிபெயர்ப்புகள். மூன்று வருடத்துக்கு முந்தைய திகதி. அந்தக் கணினியில் அண்ணி போட்ட முதல் கேள்விக்குறி அதுதான்.

"அண்ணி, நான்தான் வந்து சேந்துட்டேனே. விசா கிடைச்சுது, வேலை கிடைச்சுது. இதை ஏன் எடுக்கல?"

"வேலை முடிஞ்சவங்க வந்து சொல்லுவாங்கன்னு சொன்னேன்ல. நீ இன்னும் வந்து சொல்லலையே."

மூன்று வருடத்தில் நான் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. காரணங்கள் இருந்தன. பதினொரு கேள்விப் படிவத்தில் எழுதக்கூடிய நல்ல காரணங்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் படிவத்தை நிரப்பினேன். மெக், முப்பத்திரண்டு ஜிபி நினைவகம், உள்ளே விண்டோஸ். காரணப் பெட்டியில் எழுதினேன்: கரையைக் கடக்காமல் நின்றுவிடுகிறவற்றைப் பார்ப்பதற்கு, இரண்டு கரையும் ஒரே மேசையில் வேண்டும். லார்ஸ் திருப்பி அனுப்பினார், விளக்கம் போதாது என்று. நடந்ததை நேரில் போய் முழுக்கச் சொன்னேன். அவர் நின்றபடி கேட்டார். கடைசியில், எங்கள் படகு மென்பொருளில் கேள்விக்குறி உள்ள பெயர்களை எப்போதாவது சோதித்திருக்கிறோமா என்று கேட்டார். இல்லை. இப்போது சோதனைப் பட்டியலில் ஒரு புது வரி இருக்கிறது. அதன் பெயர் பச்சைக் குடை. லார்ஸ் அதை நோர்வேஜிய மொழியில், மிகவும் பவ்வியமாக, உச்சரிக்கிறார்.

பத்து மணிக்கு அண்ணியின் குரல் செய்தி. "ஏத்துக்கிட்டாங்கடி. கச்சேரி ஐயா மருத்துவிச்சி கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சாராம். பதியச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாச்சு. அக்கா அந்தத் தாளைக் குடைக்குள்ள சுத்தி வச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு வந்தாங்க. கடைல எல்லாருக்கும் ப்ளேன்டீ."

நான் கிளவுட் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரோ என் கண் முன்னால், ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, அந்தப் பெயரைத் தொட்டார்கள். ரத்தோட்டை பச்சைக் குடை, இன்னும் என்றிருந்தது, ரத்தோட்டை பச்சைக் குடை ஆனது. அவ்வளவுதான். ஒரு சொல் போனது. ஒரு பெண் பிள்ளை, பத்தொன்பது வருடம் கழித்து, பிறந்துவிட்டாள்.

அந்த உற்சாகத்தில் எனக்கும் கை துறுதுறுத்தது. அம்பை என் பெயருக்குக் கொண்டுபோனேன். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, புது மெக் வரப்போகிறது, இனி என்ன? செல்வி நோர்வே என்பதற்குப் பின்னால் இருந்த அந்தச் சொல்லை அழித்தேன். இரண்டு தளத்திலும் மாறியது. சோதித்தும் பார்த்தேன். ஒரு கோப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து பார்த்தபோது, அண்ணி போட்ட இன்னும் மறுபடி அங்கே இருந்தது.